சேலம் வட்டாரத்தில் ஆங்கில ஆய்வுக் கருத்தரங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேலத்தில் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். இந்த வட்டாரத்துக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்கிறேன், அமர்வுக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன், நாற்காலி எண்ணியிருக்கிறேன். பேனரில் எழுத்துப்பிழையைக் கண்டு காலை எட்டு மணிக்கு அச்சகத்தைத் தேடி ஓடியும் இருக்கிறேன். புதிதாக ஆய்வுக்குச் சேரும் பிள்ளைகளும் வேலைக்கு வரும் இளம் ஆசிரியர்களும் ஒரே கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சேலம் மாம்பழத்துக்கும் இரும்புக்கும் பேர்போன ஊர். இங்கே ஆங்கில ஆய்வுக்கு என்ன வேலை?

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். சேலத்துப் பிள்ளைகளே கேட்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று இந்த ஊரில் யோசிக்கத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திக்கொண்டிருந்த ராஜாஜி, 1916-ல் தமிழ் அறிவியல் கலைச்சொற்களுக்காகவே ஒரு சங்கம் தொடங்கினார். வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல், உயிரியல் என்று ஆங்கிலத்தில் மட்டுமே கிடைத்த சொற்களுக்கு எளிய தமிழ்ச் சொற்களைத் தேடிய முயற்சி அது. அதற்கு மறு வருடம்தான் அவர் சேலம் நகராட்சித் தலைவரானார்.

மலைமேல் கதை வேறு. ஏற்காட்டில் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894-லிலும் மான்ஃபோர்ட் பள்ளி 1917-லிலும் தொடங்கின. அந்த வளாகங்களுக்குள் ஆங்கிலம்தான் அன்றாட மொழி. அதே சேர்வராயன் மலையில், பள்ளிச் சுவர்களுக்கு வெளியே, மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்கிறார்கள். (மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்.) மலையிலிருந்து இறங்கி நகருக்குள் வந்தால், வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசி, தெருவில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலத்தைச் சந்திக்கும் குழந்தைகள் ஏராளம். பாடநூல் ஆங்கிலத்தை இரண்டாம் மொழி என்கிறது. எங்கள் ஊரில் பலருக்கு அது மூன்றாம் மொழி. ஓர் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல நிலம் எங்கே கிடைக்கும்?

இந்தக் கருத்தரங்குகளின் வரலாறு எங்கிருந்து தொடங்குகிறது?

எந்தக் கல்லூரியின் பேனரில் முதலில் எழுதினார்கள் என்று தேடினால் வழி தவறிவிடும். வேர் வகுப்பறையில் இருக்கிறது.

விடுதலைக்கு முன்னும் பின்னுமாக உயர்நிலைப் பள்ளிகளில் பயிற்றுமொழி தமிழாக மாறியது. அதுவரை வரலாறும் கணக்கும் ஆங்கிலத்தில் படித்த மாணவனுக்கு நாள் முழுவதும் ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அது ஒரு பாடவேளைக்குள் சுருங்கிவிட்டது. இலக்கணத்தை மனப்பாடம் செய்வித்து, செய்யுளை உருப்போட வைக்கும் பழைய முறை அந்த ஒரு மணி நேரத்தில் பலிக்கவில்லை. 1950களில் சென்னை மாநிலத்தில் வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகக் கொண்டுசெல்லும் புதிய பாடத்திட்டம் வந்தது. பாடத்திட்டம் வந்துவிட்டது. அதை நடத்த வேண்டிய ஆசிரியர்களுக்கு யார் பாடம் நடத்துவது?

1958-ல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. (இன்று அது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்.) 1959-ல் சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு ஒரு பெரும் பயிற்சி இயக்கம் கிளம்பியது. தொடக்க நிலையில் ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது இலக்கு. ஒரு சிறு குழுவுக்கு முதலில் பயிற்சி, அவர்கள் அடுத்த வட்டத்துக்கு, அந்த வட்டம் அதற்கடுத்த வட்டத்துக்கு. இதற்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர் நிலைத்துவிட்டது. பனியைப் படத்தில் மட்டுமே பார்த்த ஊருக்கு இப்படி ஒரு பெயர்! உருள உருளப் பனிப்பந்து பெரிதாகும் என்பது கணக்கு. நடைமுறையில் இத்தகைய அடுக்குப் பயிற்சி மோரில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். முதல் வட்டத்தில் கெட்டித் தயிர், கடைசி வட்டத்தில் நீர்மோர். ஆனாலும், ஒரு மாவட்டத்து ஆங்கில ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடித் தங்கள் தொழிலைப் பற்றியே பேசுவது என்ற பழக்கத்துக்கு இது போன்ற பயிற்சிகள்தான் விதை போட்டன என்பது என் கருத்து. இன்று மேடை, மைக், மையவுரை எல்லாம் இருந்தாலும், அந்த முதல் கேள்வி மாறவில்லை: தமிழில் யோசிக்கும் குழந்தைக்கு ஆங்கிலத்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது?

அடுத்த பெரிய அசைவு 1979-ல். பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என்.எஸ். பிரபு ஒரு சோதனையைத் தொடங்கினார். பெங்களூரு, சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் 1984 வரை அது நடந்தது. இலக்கணத்தை நேரடியாகக் கற்பிக்காமல், ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து ஒரு கணக்கை அவிழ்க்கச் சொல்வது. பொருளில் கவனம் போகும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் வாதம். உலகம் முழுவதும் மொழி கற்பித்தல் நூல்கள் இதைப் 'பெங்களூர்த் திட்டம்' என்று குறிப்பிடுகின்றன. இப்படிச் செய்யவேண்டிய வேலை ஒன்றைக் கொடுத்து மொழியைப் படியவைக்கும் செயல்வழி மொழிக் கற்பித்தலைப் பற்றி வெளிநாட்டு நூலிலிருந்து பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டும் நம் ஆய்வாளர்கள், அதன் ஒரு முக்கிய வேர் கடலூர்ப் பள்ளியில் இருந்தது என்று சொன்னால் வியக்கிறார்கள்.

1997-க்கு முன்னால் சேலத்து ஆசிரியர்கள் எங்கே போனார்கள்?

பெரும்பாலும் சென்னைக்கு. இந்தப் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பாடத்திட்டக் கூட்டமோ ஆய்வு நெறியாளரைப் பார்ப்பதோ, எதுவானாலும் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி அதிகாலையில் சென்னையில் இறங்க வேண்டும். (அந்த ரயில் ஏற்காட்டுக்குப் போகாது. புதிதாக வரும் விருந்தினர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.) மூத்த பேராசிரியர்கள் பலர் ஆய்வேட்டின் இயல்களை அந்த ரயிலின் மேல் படுக்கையில்தான் திருத்தினார்கள்.

1997 செப்டம்பரில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தபோது இந்த நிலை மாறியது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டங்கள் இன்று அதன் எல்லைக்குள். கொஞ்சம் யோசித்தால், இவை பெரும்பாலும் பழைய சேலம் ஜில்லாவே. தருமபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் பிரிந்தன. கிருஷ்ணகிரி 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. வருவாய்த்துறை பிரித்ததைப் பல்கலைக்கழகம் ஒட்டவைத்துவிட்டது. கருப்பூரில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி வளாகம் எழுந்த பிறகு, ஓசூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் ஆசிரியர்கள் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்ப முடிந்தது. வட்டாரக் கருத்தரங்கு என்ற ஒன்று பழக்கமானதற்கு இந்தப் பஸ் தூரம் ஒரு முக்கியக் காரணம். ஆராய்ச்சி வரலாற்றில் பஸ் நேரத்துக்கு யாரும் இடம் கொடுப்பதில்லை.

மாநாடு, கருத்தரங்கு, பயிலரங்கு: என்ன வேறுபாடு?

மாநாட்டில் மேடை பெரிது. கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பார்கள். பயிலரங்கில் நாம் உட்கார்ந்து ஏதாவது செய்ய வேண்டியிருக்கும், அதனால் கூட்டம் குறைவாக இருக்கும்.

எல்லாக் கல்லூரியும் 'பன்னாட்டுக் கருத்தரங்கு' என்று போடுகிறார்களே. 'வட்டார' என்ற சொல் எங்கே போயிற்று?

ஐந்து புள்ளியில் காணாமல் போயிற்று.

பல்கலைக்கழக மானியக்குழு 2010-ல் வெளியிட்ட விதிமுறைகளில், ஆசிரியர்களின் பணிமேம்பாட்டுக்குப் புள்ளிக் கணக்கு வந்தது. கருத்தரங்கில் வாசித்த கட்டுரைக்கு: பன்னாட்டு அளவு என்றால் 10, தேசிய அளவு என்றால் 7.5, வட்டார அல்லது மாநில அளவு என்றால் 5, உள்ளூர்க் கல்லூரி அளவு என்றால் 3. இதைப் படித்த எந்த ஆசிரியர் வட்டாரக் கருத்தரங்குக்குப் போவார்? அதே அரங்கம், அதே நாற்காலிகள், அதே ராசிபுரம், ஆத்தூர், மேட்டூர்க்காரர்கள்தான். மலேசியாவிலோ இலங்கையிலோ இருந்து ஒருவரை வரவழைத்தால், அல்லது விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும் வெளிநாடு வாழ் நண்பர் ஒருவரை மேடையேற்றினால், பேனர் மாறிவிடும். ஒரு கருத்தரங்கில் பன்னாட்டுப் பேச்சாளராக அறிமுகப்படுத்தப்பட்டவர் மதிய உணவின்போது என்னிடம், "சார், நானும் ஓமலூர்தான்" என்றார். நல்ல மனிதர், நன்றாகவும் பேசினார். ஓமலூர்க்காரராகவே பேசியிருந்தால் இன்னும் நன்றாகப் பேசியிருப்பார்.

2018-ல் விதிகள் மாறின. நாட்டுக்குள் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு 5, தேசியத்துக்கு 3, மாநில அளவுக்கு 2 என்று புள்ளிகள் குறைந்தன. ஆனால் வரிசை மாறவில்லை, பேனரும் மாறவில்லை.

இதில் எனக்குள்ள குறை புள்ளியைப் பற்றியது அல்ல. ஆசிரியருக்கும் குடும்பம் இருக்கிறது, ஊதிய உயர்வு வேண்டும். குறை என்னவென்றால், பெயரில் 'பன்னாட்டு' வந்ததும் தலைப்பும் பன்னாட்டுத் தலைப்பாகிவிட்டது. கொண்டலாம்பட்டி மாணவனின் ஆங்கிலத்தைப் பற்றிய கட்டுரை சிறுபிள்ளைத்தனமாகத் தெரியத் தொடங்கியது. கனடா நாவல் ஒன்றில் அடையாளச் சிக்கல் என்றால் கம்பீரமாகத் தெரிந்தது. வட்டாரத்தை விலக்கிவிட்டு உலகத்துக்கு நாம் கொடுக்க வேறு என்ன வைத்திருக்கிறோம்?

முனைவர் பட்டத்துக்குக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தே ஆக வேண்டுமா?

மானியக்குழுவின் 2016 விதிமுறைகளின்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் குறைந்தது இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும், ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த விதிமுறைகள் இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. எம்.ஃபில். படிப்பும் அதோடு நின்றது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனக்கென்று விதி வைத்திருக்கலாம். நீங்கள் பதிவு செய்த ஆண்டின் விதி எது என்று நெறியாளரிடம் கேட்டுவிடுங்கள். நண்பரின் நண்பர் சொன்னதை நம்பி இரண்டாயிரம் ரூபாய் கட்ட வேண்டாம்.

கட்டாயம் போனதும் கூட்டம் குறைந்துவிட்டது என்று அமைப்பாளர்கள் வருந்துகிறார்கள். எனக்கு வருத்தமில்லை. முன்பு ஒரு வகுப்பறையில் இணை அமர்வு என்றால் பதினைந்து பேர் இருப்பார்கள். பதினைந்து பேரும் வாசிக்க வந்தவர்கள். வாசித்தவர் வாசித்த கையோடு எழுந்து சான்றிதழ் மேசைக்குப் போய்விடுவார். கடைசியாக வாசித்த பெண்ணின் கட்டுரையை அமர்வுத் தலைவராகிய நானும் மின்விசிறியும் மட்டுமே கேட்டிருக்கிறோம். அவர் என்னைப் பார்த்து, "சார், படிக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார். படியுங்கள் என்றேன். அன்று கேட்டதிலேயே அதுதான் நல்ல கட்டுரை.

ஆய்வுக்கோவைக்கு ஐ.எஸ்.பி.என். உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்களே, அது என்ன அவ்வளவு முக்கியமா?

ஆய்வுக்கோவை என்பது கருத்தரங்குக் கட்டுரைகளைத் தொகுத்த புத்தகம். ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்தின் அடையாள எண். 2007 முதல் 13 இலக்கம். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை இதை இலவசமாகவே வழங்குகிறது. ரேஷன் அட்டை எண் குடும்பத்தின் ஒழுக்கத்துக்குச் சான்று ஆகாது அல்லவா, அது போலத்தான் இதுவும். எண் இருப்பதால் உள்ளே இருப்பதை யாரோ படித்துப் பார்த்து ஏற்றார்கள் என்று பொருள் இல்லை. ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர்ந்து வரும் இதழ்களுக்கான எட்டு இலக்க எண். அதற்கும் இதே நியாயம்தான்.

என் சொந்த அனுபவம் ஒன்று. எண்ணோடு வந்த தடிமனான ஆய்வுக்கோவை ஒன்றில் என் கட்டுரை நடுப்பகுதியோடு முடிந்து, அடுத்த பக்கத்தில் வேறொருவரின் முடிவுரை ஒட்டிக்கொண்டிருந்தது. என்னுடைய முடிவைவிட அது தெளிவாக இருந்தது என்பதால் புகார் செய்யவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: என் கட்டுரையை அச்சுக்கு முன் யார் படிப்பார்கள்? இதற்குப் பதில் தெரிந்த அமைப்பாளரிடம் தைரியமாகப் பணம் கட்டலாம்.

ஆய்விதழ்ப் பட்டியல் என்கிறார்களே?

சுருக்கமாகச் சொல்கிறேன். மானியக்குழு 2017-ல், தான் ஏற்கும் ஆய்விதழ்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு 'கேர்' பட்டியல் என்று புதிதாக ஒன்று வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. இனி இதழின் தரத்தை நீங்களும் உங்கள் நிறுவனமும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 'கருத்தரங்கில் வாசித்தால் கேர் இதழில் வெளியிடுவோம்' என்று இன்னும் அழைப்பிதழ் வந்தால், அதை அனுப்பியவர் நாளிதழ் படிப்பதில்லை என்று முடிவு செய்யலாம்.

என்ன தலைப்பில் எழுதலாம்? எல்லாம் எழுதி முடித்துவிட்டார்கள் போலிருக்கிறதே.

ஒன்றுமே எழுதவில்லை என்பேன்.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு. நம் பிள்ளைகள் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்கிறார்கள், சிரிக்கிறோம், திருத்துகிறோம். ஏன் அந்த 'இ' வருகிறது? "உயிர்மெய் அல்லன மொழிமுதல் ஆகா" என்று தொல்காப்பியம் சொல்கிறது. சொல்லின் முதலில் மெய் தனியாக நிற்காது. உயிர் வரும் அல்லது உயிர்மெய் வரும். ரகரமும் லகரமும்கூடச் சொல்லைத் தொடங்கக் கூடாது என்பதால்தான் ராமன் இராமன் ஆனான், லோகம் உலோகம் ஆனது. கம்பன் செய்தால் இலக்கணம், ஆறாம் வகுப்புப் பையன் செய்தால் பிழையா? அவன் நாக்கு ஈராயிரம் ஆண்டு விதி ஒன்றைக் கடைப்பிடிக்கிறது. இது தெரிந்த ஆசிரியர் அவனைத் திருத்தும் விதமே வேறாக இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைக்குச் சொல்லின் முதலில் இணைமெய் (இரண்டு மெய் சேர்ந்து வருவது) பழக்கம். அது 'இஸ்கூல்' என்கிறதா, 'ஸ்கூல்' என்கிறதா? நம் தெருக்களில் ஒரு மாதம் சுற்றினாலே ஒரு நல்ல கட்டுரை தேறும்.

இன்னொன்று. 'ஐ ஹேவ்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று மாணவர்கள் எழுதுவார்கள். தமிழில் 'அவள் பள்ளிக்குப் போகிறாள்' என்றால், இப்போது போய்க்கொண்டிருக்கிறாள் என்றும் பொருள், தினமும் போகிறாள் என்றும் பொருள். ஒரே வடிவம் இரண்டு வேலை செய்கிறது. ஆங்கிலம் அந்த இரண்டு வேலைக்கும் இரண்டு ஆட்களை வைத்திருக்கிறது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாத மாணவன் ஆள் பெரியவராகத் தெரிபவரைக் கூப்பிடுகிறான். 1967-ல் பிட் கார்டர் என்ற மொழியியலாளர், கற்பவரின் பிழை என்பது அவர் மனத்துக்குள் கட்டிக்கொண்டிருக்கும் மொழி ஒழுங்கைக் காட்டும் சான்று என்று எழுதினார். 1972-ல் செலிங்கர் அந்த நடுவழி மொழிக்கு 'இடைமொழி' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். இந்த இரண்டு பெயர்களையும் தேர்வுக்குப் படிக்கிறோம். நம் மாணவன் எழுதிய விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பதில்லை.

இலக்கியத் தலைப்புகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாவல் பிடித்திருந்தால் எழுதுங்கள். ஆனால் நாவலின் பெயரை மாற்றினாலும் கட்டுரை அப்படியே நிற்கும் என்றால், அதை எழுதாதீர்கள்.

ஏற்காட்டில் நடத்தினால் என்ன? குளிர்ச்சியாக இருக்குமே.

நடத்தியிருக்கிறார்கள். போயிருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் மையவுரையாளருக்குத் தலை சுற்றிவிட்டது. எலுமிச்சம்பழம் கொடுத்து உட்கார வைத்தோம். காலை அமர்வு பிரமாதம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரங்கில் எண்ணி ஏழு பேர். மற்றவர்கள் ஏரியில் படகில் இருந்தார்கள், அல்லது மிளகும் காபித்தூளும் வாங்கக் கடைத்தெருவில் இருந்தார்கள். (1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடியை மலைக்குக் கொண்டுவந்த நாள் முதல் இந்தக் கவனச்சிதறல் இருக்கிறது.) நாலரை மணிக்குத் திறந்திருந்த ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்தது. திரையில் எழுத்து மங்கியது. வாசித்துக்கொண்டிருந்த இளைஞர், 'அடுத்த படத்தில் தெளிவாகத் தெரியும்' என்று சொல்லிக்கொண்டே கடைசிப் படம் வரை போய்விட்டார்.

ஆனால் எனக்கு அந்தக் கருத்தரங்கில் உறுத்தியது பனி அல்ல. அரங்கின் வாசலில், எங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த பெண்மணி அருகிலுள்ள மலைக்கிராமத்தவர். அவர் மகள் ஏழாம் வகுப்பு. ஆங்கிலப் பாடம் எப்படி என்று கேட்டேன். "அவள் நன்றாகப் படித்துக் காட்டுவாள் ஐயா. என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் அழுவாள்" என்றார். உள்ளே இரண்டு நாளாக வாசித்த கட்டுரைகளில் நான் கேட்டவரை, அந்த மலையில் ஆங்கிலம் படிக்கும் குழந்தையைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

ஆங்கிலக் கருத்தரங்கில் தமிழில் பேசலாமா?

அழைப்பிதழில் இருக்காது. என் அமர்வில் அனுமதிக்கிறேன். கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கட்டும். கேள்வியும் விவாதமும் தமிழில் வந்தால் வரட்டும். ஆங்கிலத்தில் கேட்க வெட்கப்பட்டு, நல்ல கேள்விகளை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சில மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களே தேநீர் இடைவேளையில் தமிழில்தான் பேசுகிறார்கள், அப்போதுதான் உண்மையான விவாதமும் நடக்கிறது.

முதல் முறை வாசிக்கப் போகிறேன். பயமாக இருக்கிறது.

பத்து நிமிடம் என்று சொல்வார்கள். தொடக்க விழா நீண்டுவிடும். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரைகள் என்று ஒன்றரை மணி நேரம் போன பிறகு உங்களுக்கு நான்கு நிமிடம் கிடைக்கும். ஆகவே நான்கு நிமிடத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் தனித்தனியாகத் தயார் செய்யுங்கள். நான்கு நிமிடத்தில் கோட்பாட்டைச் சொல்லத் தொடங்கினால் கோட்பாட்டிலேயே மணி அடித்துவிடும். கையில் உள்ள சான்றை முதலில் காட்டுங்கள்: மாணவர் எழுதிய ஒரு வாக்கியம், நாவலின் ஒரு பத்தி, பதிவு செய்த ஓர் உரையாடல். கேட்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

எழுதி வைத்ததைக் குனிந்து வாசிக்காதீர்கள். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன மாணவர்களைத்தான் பிற்பாடு எனக்கு நினைவிருக்கிறது.

கொரோனாக் காலத்து இணையவழிக் கருத்தரங்குகளைப் பற்றி?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் இரண்டு மாதத்துக்குள் வெள்ளம் போல் வந்தன. கூகுள் படிவத்தில் ஐந்து வினாக்களுக்கு விடை அளித்தால் மின்னஞ்சலில் சான்றிதழ் வந்துவிடும். ஒரே நாளில் மூன்று சான்றிதழ் வாங்கியவர்களைத் தெரியும். அந்த வெள்ளத்தில் முத்துக்களும் வந்தன. விசாவும் விமானக் கட்டணமும் இல்லாமல் உண்மையான வெளிநாட்டு அறிஞர்கள் நம் மாணவர்களோடு பேசினார்கள். பிள்ளை தூங்கும் நேரத்தில் அடுக்களையிலிருந்தே கட்டுரை வாசித்த பெண் ஆய்வாளர்கள் இருந்தார்கள். நேரடிக் கருத்தரங்குக்கு அவர்கள் ஒருபோதும் வந்திருக்க முடியாது. அந்தக் கதவை முழுதாகச் சாத்திவிடக் கூடாது.

சாப்பாடு?

மதியம் சாம்பார் சாதம் எந்த ஊரிலும் ஒன்றுதான். மாலைத் தேநீருக்குத் தட்டுவடை செட் வைக்கும் அமைப்பாளருக்கு என் வாக்கு எப்போதும் உண்டு. தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்துக் கொடுப்பார்கள். கையில் பிடித்துக்கொண்டு நின்றபடி பேசலாம். வெளியூர் விருந்தினர்கள் ஆய்வுக்கோவையை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

நான் கல்லூரி ஆசிரியர் இல்லை. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். வரலாமா?

வரலாம் என்பது மட்டுமல்ல, நீங்கள் வராததுதான் இந்தக் கருத்தரங்குகளின் பெரிய ஓட்டை. 1959-ல் எல்லாம் உங்களைச் சுற்றித்தான் தொடங்கியது. சென்னையிலிருந்து 1965 முதல் வந்துகொண்டிருக்கும் ஆங்கிலப் பயிற்று ஆய்விதழை எடுத்துப் பார்த்தாலும் அதன் கவலைகள் வகுப்பறைக் கவலைகளாகவே இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நடத்திய ஒரு சிறு கருத்தரங்குக்கு வாழப்பாடிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். பதிவு மேசையில் அவர் படிவத்தைப் பார்த்த மாணவத் தொண்டர், "மேடம், எந்தக் கல்லூரி என்று எழுதவில்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அவர் ஒரு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். துணிப்பையில் நாற்பது நோட்டுகள். ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் தங்கள் வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கம். எந்த இடத்தில் தமிழ் எட்டிப்பார்க்கிறது என்று பச்சை மையில் அடிக்கோடிட்டிருந்தார். கோட்பாட்டுப் பெயர் ஒன்றும் அவருக்குத் தெரியாது. 'வீட்டுக்கு ஒரு நாய் இருக்கிறது' என்பதை எத்தனை பேர் எத்தனை விதமாக எழுதினார்கள் என்று எண்ணி, கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக் கணக்கு வைத்திருந்தார்.

பிற்பகல் அமர்வில் அவருக்கு இருபது நிமிடம் கொடுத்தோம். யாரும் எழுந்து போகவில்லை. நோட்டுகள் வரிசை வரிசையாகக் கைமாறின. திரும்பி வந்தபோது முப்பத்தொன்பதுதான் இருந்தன. நாற்பதாவதைத் தேடி மேசைக்கு அடியில் எல்லாம் குனிந்தோம். அதை மையவுரையாளர் தன் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டார் என்று மறுநாள் தொலைபேசியில் தெரிந்தது. பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினார், அந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதமும் உள்ளே வைத்து.

அதற்குப் பிறகு எங்கள் படிவத்தில் 'பணிபுரியும் கல்லூரி' என்ற கட்டத்தை 'பணிபுரியும் இடம்' என்று மாற்றியிருக்கிறோம்.